விசில் பாட்டா, அழுகைப் பாட்டா?

ரேடியோவுக்குக் காது உண்டு என்று நான் நம்பினேன். ஒப்புக்கு அல்ல, நெஞ்சில் கை வைத்து நம்பினேன். வாய் இருக்கிற எல்லோருக்கும் காதும் இருந்ததைத்தான் அதுவரை பார்த்திருந்தேன், எங்கள் கணக்கு வாத்தியார் ஒருவரைத் தவிர.

சிரிக்கிறீர்கள். என் வயதுக்காரர்கள்தானே நீங்கள்? ரேடியோவின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்து, உள்ளே இருக்கிற ஆள் எவ்வளவு சின்னதாக இருப்பான், அவன் எப்போது சாப்பிடுவான் என்று யோசிக்காதவர் உங்களில் யாராவது உண்டா? நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. பெட்டிக்குள் ஆள் இல்லை, அவர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கிற மாதிரி, நாங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும் என்பதுதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

போன வாரம் என் மகளிடம், "இப்ப முதல் இடத்தில் என்ன பாட்டு?" என்று கேட்டேன். "எதுலப்பா?" என்றாள். எதில் என்றால்? முதல் இடம் என்றால் ஒன்றுதானே? இல்லையாம். அவள் போனில் ஒன்று முதல், அவள் சிநேகிதி போனில் வேறொன்று முதல். காலையில் உச்சியில் இருந்தது மத்தியானம் காணோம். நான் அதை ஒரு தடவை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அது பழைய பாட்டாகிவிடுகிறது. இன்னொன்றும் சொன்னாள்: நாம் பேசிக்கொண்டிருப்பதை அந்தப் போன் கேட்டுக்கொண்டே இருக்குமாம், அதற்குத் தகுந்த மாதிரிப் பாட்டை எடுத்து நீட்டுமாம். "தெரியும்" என்றேன். அவளுக்கு ஆச்சரியம். தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லை ஊர் கொழிஞ்சாம்பாறையில் ஒன்பது வயதிலேயே அதற்காக நடுங்கியவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த நடுக்கம் ஆரம்பித்தது எங்கள் கடைவீதி சலூனில்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தீவு ரேடியோவில் பாட்டுகளின் வரிசை சொல்வார்கள். நேயர்கள் அனுப்பிய கார்டுகளை எண்ணி, பத்தாம் இடத்தில் தொடங்கி மேலே மேலே வந்து, கடைசியில் முதல் இடம். சலூன்காரர் அதற்காகவே ரேடியோ வாங்கி வைத்திருந்தார். அவர் முடி வெட்டுகிறவர் மட்டும் அல்ல. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணவறைக்குப் பக்கத்தில் நின்று வாழ்த்துப் பாடுகிறவரும் அவர்தான். அவர் ஒரு அடி பாடி நிறுத்தினால் மேளக்காரர் ஒரு தட்டு தட்டுவார். ஆகவே பாட்டு என்று வந்துவிட்டால் கடைவீதியில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

வரிசையைக் கேட்கக் கேட்க, தேய்ந்துபோன ஷேவிங் சோப்புத் துண்டால் கண்ணாடியின் மேலேயே எழுதிவிடுவார். அடுத்த ஞாயிறு வரை அது அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு முகம் நாலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவில் தெரியும். நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு உட்கார வைத்தாலும் என் முகம் எட்டாம் இடத்தைத் தாண்டியதில்லை. சலூன் முழுக்கப் படிகார வாசனை, ரேடியோ சூடேறும்போது வரும் தூசி வாசனை, தேங்காய் எண்ணெய் வாசனை. இன்றைக்கும் எந்தப் பழைய பாட்டைக் கேட்டாலும் எனக்குப் பிடரியில் கத்தி கூசும்.

அறிவிப்பாளர் குரல் வந்ததும் சலூன்காரர் கத்தரிக்கோலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொல்வார். மரியாதையாக ஒருவர் பேசினால் மரியாதையாகப் பதில் சொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கம், எதிரில் இருப்பது பெட்டியாக இருந்தாலும் சரி.

"வணக்கம் நேயர்களே!"

"வணக்கமுங்க."

"எல்லோரும் நலம்தானே?"

"இருக்கறமுங்க. போன வாரம்தானுங்க உங்க மேல சித்தெ வருத்தம்."

"வருந்த வேண்டாம், உங்கள் அபிமானப் பாடல் இந்த வாரம் முன்னேறியிருக்கிறது!"

சலூனே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். கேட்டார், பதில் சொன்னார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பெரியவர்கள் விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அறிவிப்பாளர் காதில் விழும் என்பதற்காகச் சலூனில் நான் மூக்கைக்கூட உறிஞ்சியதில்லை.

அந்தப் பருவத்தில் இரண்டு பாட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று விசில் பாட்டு. நடுவில் ஒருவர் விசில் அடிப்பார், அதைக் கேட்டால் சைக்கிள் தானாகவே வேகமாகப் போகும். மற்றது அழுகைப் பாட்டு. முகூர்த்த நேரமாகியும் மாப்பிள்ளை வராமல் போன பெண் மணவறையிலேயே உட்கார்ந்து பாடுவது. எட்டுப் பத்து வயலின்கள் சேர்ந்து அழும், அவள் தேம்பித் தேம்பி மூச்சு வாங்கும் சத்தம்கூட ரிக்கார்டில் கேட்கும். ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

என் மாமன், அதாவது எங்கள் வீட்டிலேயே இருந்த அம்மாவின் தம்பி, விசில் பாட்டுக் கட்சி. அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து ஊர் பெருமாட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டு ரேடியோவில் விசில் பாட்டு ஓடியதாம். காபித் தட்டோடு வந்த பெண், பாட்டில் விசில் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாளாம். அவளைப் பற்றி மாமனுக்குத் தெரிந்த மொத்தச் சங்கதியும் அந்த ஒரு சிரிப்புதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. சந்தைப்பேட்டை விதைக் கடையில் கடலை விதை நிறுக்கும்போதும் விசில், குளிக்கும்போதும் விசில். கல்யாணத்தன்று எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் பெண் கால் வைக்கும்போது அந்தப் பாட்டுத்தான் ஒலிக்க வேண்டும். அது மாமனின் ஒரே ஆசை.

"போட்டுட்டாப் போச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் மைக் செட்காரரை உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குக் கல்யாணம் பொள்ளாச்சி பஸ் ஏறிப் போய்ப் புது ரிக்கார்டு ஒன்றே ஒன்று வாங்கி வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை எது முதல் இடமோ அதுதான். பெண் பந்தலுக்குள் வரும்போது அதுதான்.

"மச்சா, இந்த ஒரு வாட்டி மட்டும்" என்று மாமன் கெஞ்சினார்.

"அது முடியாது மாப்ளே. என்ற இஷ்டத்துக்குப் போட்டா மாப்ள ஊட்டு ஒறம்பரை ஒண்ணு கேக்கும், பொண்ணூட்டு ஒறம்பரை ஒண்ணு கேக்கும். அடிதடி ஆயிப்போகும். ரேடியோவே சொல்லிப்போட்டுதுன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததுதான் நியாயம். ஆனால் அழுகைப் பாட்டு முதலில் வந்துவிட்டால்? பெண்ணின் அப்பா சகுனம் பார்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர். முன்னால் ஒரு சம்பந்தம் பேசப் போய், வழியில் பூனை குறுக்கே வந்ததென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். பூனைக்கே அப்படி என்றால், மாப்பிள்ளை வராத பாட்டு பந்தலில் ஒலித்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் போய்விடுவார்.

எனக்கு மாமன் என்றால் உயிர். ஆகவே நான் களத்தில் இறங்கினேன். கார்டெல்லாம் சும்மா ஒப்புக்கு, யார் வீட்டில் எந்தப் பாட்டுக்குச் சத்தம் அதிகம் என்று அறிவிப்பாளர் தன் காதால் கேட்டுத்தான் இடம் கொடுக்கிறார் என்பது என் முடிவு. தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் என்று பாராமல் பள்ளிக்கூடத்துப் பையன்களைத் திரட்டி, வறுத்த கடலை கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சலூன் வாசலில் நிறுத்தினேன். விசில் பாட்டு வந்ததும் எல்லோரும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். சலூன்காரர் ஈரத் துண்டைச் சுழற்றிக்கொண்டு துரத்தினார். ஆனால் அடுத்த வாரம் விசில் பாட்டு நாலாம் இடத்திலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் எனக்கு?

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது. எனக்கு முடி வெட்டவும் முதல் இடத்தைக் கேட்கவும் மாமனே என்னைச் சலூனுக்கு இழுத்துப் போனார். உள்ளே நிற்க இடமில்லை. பெஞ்சில் மைக் செட்காரர், பஸ்ஸுக்குத் தயாராகப் பையோடு. பக்கத்தில் ஏட்டு, அதாவது போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். மலையாளியான அவருக்குத் தமிழ்ப் பாட்டே பிடிக்காது. ஆனால் சலூன்காரர் வரிசை ஓடும்போது கத்தியைத் தொட மாட்டார் என்பதால் ஞாயிறு தோறும் அரைச் சவரத்தோடு காத்திருப்பது அவர் தலையெழுத்து.

"எடோ, இதொந்நு தீர்த்திட்டு பாட்டு கேக்கெடோ" என்றார் ஏட்டு, நுரைக் கன்னத்தைக் காட்டி.

"சித்தெ பொறுங்க சார். மூணாவது சொல்லப் போறாருங்க."

என் தலையிலும் அதே கதைதான். இடது பக்கம் ஒட்ட வெட்டி முடிந்திருந்தது. வலது பக்கம் காது மூடி அப்படியே கிடந்தது. கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. மூன்றாம் இடம் வேறு ஏதோ பாட்டு. மீதி இரண்டு. மாமன் என் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நேயர்களே, இரண்டு பாடல்கள், இரண்டுமே உங்கள் உள்ளம் கவர்ந்தவை. ஆனால் முதலிடம் ஒன்றுதானே? அது எது?" என்றார் அறிவிப்பாளர். அப்புறம் பல்பொடி விளம்பரம். அப்புறம் தலைவலித் தைலம். திரும்பவும் வந்து, "எது, எது என்று தவிக்கிறீர்களா?" என்று சிரித்தார். திரும்பவும் பல்பொடி.

மாமன் நெற்றி வியர்வை என் தோளில் சொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. எம்பி நிமிர்ந்து, ரேடியோவைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்:

"அடச் சொல்லித் தொலைங்க, மொள்ளமாறி!"

திட்டும்போதுகூட 'ங்க'வை விடவில்லை, கவனித்தீர்களா? அப்படி வளர்த்திருந்தார்கள்.

"இந்த வார முதலிடம்..." என்றது ரேடியோ. அவ்வளவுதான். நின்றுவிட்டது. இரைச்சல்கூட இல்லை. உள்ளே எரிந்த விளக்கு அணைந்து, பெட்டி வெறும் மரமாக உட்கார்ந்திருந்தது.

அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். சலூன்காரர் ரேடியோவின் மண்டையில் தட்டினார். மைக் செட்காரர் குமிழைத் திருகினார். மாமன், "ஐயோ, ஐயோ" என்று தலையில் கை வைத்தார். எனக்கு மட்டும் நடந்தது விளங்கிவிட்டது. அறிவிப்பாளர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பலகையிலிருந்து குதித்தேன். கழுத்தில் கட்டிய துணி முதுகில் பறக்க, செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். சோளத்தட்டுப் போருக்குள் புகுந்த பிறகுதான் நின்றேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு!

ஊரில் வேறு ரேடியோக்கள் இல்லையா என்றால், இருந்தன. ஆனால் டீக்கடையில் அந்த நேரம் மலையாளச் செய்தி வைத்திருந்தார்கள். மற்றபடி கேட்டதாகச் சொன்னவர்கள் எல்லாம் அவரவர் கட்சிக்கு முதல் இடத்தைக் கொடுத்தார்கள். அரிசி மில்காரர் விசில் என்றார். பஸ் கண்டக்டர் அழுகை என்று அடித்துச் சொன்னார். அந்த வாரம் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு முதல் இடங்கள் இருந்தன. எனக்கோ அது இன்னும் பயத்தைக் கிளப்பியது. அவர் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வருமா? வெறுத்துப்போய்ச் சொல்லாமலே விட்டிருக்கிறார்.

தலை வேறு. இடது பக்கமாகப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பையன், வலது பக்கமாகப் பார்த்தால் காணாமல் போய்க் கிடைத்தவன். வகுப்பில் வலது பக்கம் சுவர் வருகிற மாதிரி இடம் பிடித்தேன். வெளியே போகும்போது தலையில் துண்டு.

"ஏண்டா இந்த வெய்யில்ல துண்டு?" என்றாள் அம்மா.

"சளிம்மா."

துண்டை உருவிப் பார்த்துவிட்டு, "அடக் கெரகமே! இதென்னடா பாதித் தலை?" என்றாள். "சலூன்காரர் மாமனுக்குச் சவரம் பண்ண ஊட்டுக்கு வருவாருல்ல, அப்ப மீதிய வெட்டறேன்னாரு" என்று ஒரு பொய் சொன்னேன். கல்யாண வேலையில் அவளுக்கு என் தலைக்கெல்லாம் நேரமில்லை.

மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். சலூன் பக்கம் போகக் கால் வரவில்லை. ஆனால் எந்த ரேடியோவாக இருந்தால் என்ன, காது அதே காதுதானே? டீக்கடைக்குப் போய் ரேடியோ முன்னால் கை கட்டி நின்றேன். "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க" என்று முணுமுணுத்தேன். டீக்கடைக்காரர் என்னிடம் ஒரு பன்னை நீட்டினார். பிச்சை கேட்கிறேன் என்று நினைத்தாரோ, அரைத் தலையைப் பார்த்து வேறு ஏதாவது நினைத்தாரோ! பன்னைத் தின்றுவிட்டேன்.

பஞ்சாயத்து வாயனசாலையில், அதுதான் பத்திரிகை படிக்கிற இடத்தில், சாயந்திரம் ரேடியோ வைப்பார்கள். மலையாளம்தான். இருந்தாலும் போய் ஜன்னல் ஓரம் நின்று, "என்னய என்ன பண்ணலாம்னு இருக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். ரேடியோவில் ஒருவர் கனத்த குரலில் சொன்னார்: "மருந்து தளிச்சது கொண்டு காரியமில்லா. வேரோடெ பறிச்செடுத்து தீயிலிடணம்."

விவசாயிகளுக்கான நிகழ்ச்சி அது. நோய் கண்ட தென்னங்கன்றைப் பற்றிய பேச்சு. எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. மருந்து அடித்துப் புண்ணியமில்லை, வேரோடு பிடுங்கித் தீயில் போட வேண்டும்! வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

மறுநாள் வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் ஏட்டு. கையில் என் செருப்பு.

கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனேன். செருப்பை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

"மோன் எவிடே?" என்று ஏட்டின் குரல்.

"பள்ளிக்கோடம் போயிருப்பானுங்க. ஏனுங்க சார்?" என்றார் அப்பா.

"அந்நு ஓடியில்லே? செருப்பு சலூனில் கிடந்நு. நல்ல செருப்பு. நாய் கடிச்சால் கஷ்டமல்லே?"

"அடடா, இதுக்கா நீங்க வரோணும்? உக்காருங்க சார், மோர் குடிச்சுட்டுப் போங்க."

ஏட்டு மோர் குடித்தார். கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டார். போய்விட்டார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. முதலில் செருப்பைக் கொடுத்து நம்ப வைப்பார்கள், அப்புறம்தான் பிடிப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

கல்யாண நாள். காலையில் சலூன்காரர் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது நான் வைக்கோல் போரின் உச்சியில் இருந்தேன். கீழே அவர், "அந்தத் தம்பி எங்கீங்க? ஒரு பக்கம் பாக்கி இருக்குது" என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். நான் வைக்கோலுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டேன். பந்தல் நிறைந்த பிறகு, துண்டைத் தலைப்பாகையாக இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் கலந்தேன். "பாரு, பெரிய மனுசனாட்ட உருமாலையெல்லாம் கட்டிட்டு வந்துட்டான்" என்று ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாமன் மாலையோடு உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் சுண்ணாம்பு. என்னைக் கண்டதும் விரலால் கூப்பிட்டார்.

"மாப்ளே, போச்சுடா. மைக் செட்டுக்காரன் அழுகைப் பாட்டைத்தான் வாங்கியாந்திருக்கறான்."

"ஏன் மாமா?"

"விசில் பாட்டு கடையில தீர்ந்துபோச்சாமா. கடைக்காரன் இதுதான் மொதல் எடம்னு தலையில கட்டியுட்டுட்டான். என்னால எந்திரிக்க முடியாது. நீ ஒண்ணு பண்ணு. நைசாப் போயி அந்த ரிக்கார்டு மேல உக்காந்துக்கோ. யாரு சொன்னாலும் எந்திரிக்காதே."

போனேன். மைக் செட்காரர் ஸ்பீக்கர் குழாயைத் திருப்பப் போயிருந்தார். புது ரிக்கார்டு உறையோடு பெட்டி மேல் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். வெயிலில் காய்ந்த பெட்டி, கீழே தணல் மாதிரி. என் பாவத்துக்கு இது கம்மி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெண் வந்துவிட்டாள். பந்தல் வாசலில் ஆரத்தி எடுத்தாயிற்று. பாட்டு இல்லை. மைக் செட்காரர் பெட்டிகளை எல்லாம் கிளறுகிறார். "இங்கதானே வெச்சேன், இங்கதானே வெச்சேன்." என்னைப் பார்க்கிறார், பார்வை என்னைத் தாண்டிப் போகிறது. பெண் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறாள். கூட்டத்தில் சலசலப்பு.

அப்போது பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. மாமன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க மைக் செட்டு, பாட்டு எங்கீங்க?"

"இருங்க மாமா, தேடறனுங்க."

"எந்தப் பாட்டுங்க கொண்டாந்தீங்க?"

மைக் செட்காரர் இழுத்தார். "அந்த... மணவறையில பொண்ணு அழுகற பாட்டுங்க."

பெரியவர் முகம் அப்படியே மாறியது. "அதுங்களா! அதையா கொண்டாந்தீங்க! என்ற சாமி, அதுக்குத்தானுங்க நானு வாரவாரம் கார்டு போட்டது. என்ற பேர்ல ஒண்ணு, ஊட்டுக்காரி பேர்ல ஒண்ணு, மூணு மாட்டுக்கும் பேரு வெச்சு மூணு. போடுங்க, மொதல்ல போடுங்க!"

மாமன் கண்ணைத் திறந்தார். பூனைக்காக வண்டியைத் திருப்பின மனிதர் ஒரு பாட்டுக்காகக் குழந்தை மாதிரி நிற்கிறார். நாங்கள் எல்லோரும் அவரைப் பற்றி என்னென்ன நினைத்திருந்தோம்! மாமன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் எழுந்தேன். மைக் செட்காரர் என் பின்பக்கத்தையும் ரிக்கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பேச அவருக்கு நேரமில்லை, பிற்பாடு நிறையப் பேசினார்.

வெயிலும் என் எடையும் சேர்ந்து ரிக்கார்டை வளைத்திருந்தன. ஊசி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடியது. அழுகைப் பாட்டுக்காரி ஊஞ்சலில் உட்கார்ந்து அழுகிற மாதிரி இருந்தது. தேம்பல் வந்த இடத்தில் "ஹீ... ஹீ..." என்று சிரிப்பாகவே கேட்டது. முதலில் பெண்தான் சிரித்தாள். அப்புறம் தோழிகள், அப்புறம் பந்தல் முழுக்க. பெண்ணின் அப்பா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன கொரல், என்ன கொரல்" என்று உருகினார். மாப்பிள்ளை வராத பாட்டைக் கேட்டுச் சிரித்தபடியே பந்தலுக்குள் வந்த பெண் எங்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதான்.

தாலி கட்டின பிறகு பெரியவர் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றாமையோடு சொன்னார்: "ஆனா மாப்ளே, ஞாயமே இல்லீங்க. போன ஞாயித்துக்கெழம நானே கேட்டனுங்க. கடைசி நேரத்துல அந்த விசில் பாட்டு மொதல் எடத்துக்குப் போயிருச்சு. நம்ம பாட்டு ரெண்டாவதுங்க."

மாமனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்த்த அன்று சிரித்தது பாட்டைக் கேட்டு அல்ல என்று அத்தை பிற்பாடு சொன்னாள். அவளைப் பார்த்த பதற்றத்தில் மாமன் காபியை மூக்கில் விட்டுக்கொண்டாராம்.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. போன ஞாயிறு அவர் கேட்டாரா? அப்படியானால் அறிவிப்பாளர் எழுந்து போகவில்லையா? யோசித்துக்கொண்டு நின்றவனின் தலைப்பாகையைப் பின்னாலிருந்து ஒரு கை உருவியது. வாழ்த்துப் பாடி முடித்து, வியர்த்து நின்ற சலூன்காரர்.

"சிக்குனயா! வா, மீதிய வெட்டிர்லாம்."

"ஏனுங்க, அவரு என்ற மேல கோவிச்சுக்கலீங்களா?"

"எவரு?"

"ரேடியோக்காரரு. நாந்தானே திட்டிப்போட்டேன். அதுக்குத்தானே நிறுத்திப்போட்டாரு."

சலூன்காரர் என்னையே பார்த்தார். அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க முடியாமல் கண்ணீர் வந்தது. அப்புறம் என்னை ஒரு உரலின் மேல் உட்கார வைத்து, என் இரண்டு கால்களையும் என் துண்டாலேயே சேர்த்துக் கட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார். காலை எதற்குக் கட்டுகிறார் என்று கேட்டேன். சொன்னார்.

கத்தும்போது நான் காலையும் உதைத்திருக்கிறேன். கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ரேடியோவின் பிளக் இருந்தது. அது பாதி கழன்றுவிட்டது. ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம் என்று பெட்டியை இறக்கும்போதுதான் அதைப் பார்த்தார்களாம். அதற்குள் தீவில் அறிவிப்பாளர் முதல் இடத்தைச் சொல்லி, விசில் பாட்டை முழுதாகப் போட்டு, நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.